இழை: உள்ளரங்கச் சுவரும் கூரையும் பந்தைத் தாங்குவதற்கு என்ன சொல்?

குன்னூர் (மொழிபெயர்ப்பு)

வணக்கம். உள்விளையாட்டரங்கப் பராமரிப்புக் கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். படிக்கப் போகிறவர்கள் மலைப் பள்ளிகளின் பி.இ.டி. ஆசிரியர்கள், எலக்ட்ரீஷியன்கள், தச்சு வேலைக்காரர்கள். மழை மாதங்களில் மைதானம் சேறாகி ஆட்டமெல்லாம் கூரைக்குள் வந்துவிடும். சுவர், தொங்குகூரை (ஃபால்ஸ் சீலிங்), விளக்கு, கடிகாரம், ஸ்பீக்கர் எல்லாமே பந்தடி வாங்கும்.

சிக்கல் ஒரே ஒரு தொடரில்: 'பால் இம்பேக்ட் ரெசிஸ்டன்ஸ்'. பக்கத்துக்கு நாலு முறை வருகிறது. மூலம் ஜெர்மானியத் தரம் டிஐஎன் 18032, மூன்றாம் பகுதி. தொங்குகூரைக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 13964. சோதனை இப்படி: சுவர்ப் பலகையை உண்மையில் பொருத்துவதுபோலவே சட்டத்தில் பொருத்தி, எந்திரத்தால் ஹேண்ட்பாலை (கையால் எறிந்து கோல் போடும் ஆட்டத்தின் பந்து) நொடிக்கு 23.5 மீட்டர் வேகத்தில் 54 முறையும், ஹாக்கிப் பந்தை நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் 12 முறையும் அடிக்கிறார்கள். கூரைக்கு ஹேண்ட்பால் மட்டும்: 16.5 மீட்டர் வேகம், 36 முறை. நேர் செங்குத்தாக 12, பிறகு இரண்டு பக்கமிருந்தும் 60 பாகைச் சாய்வில் பன்னிரண்டு பன்னிரண்டு.

இப்போதைக்கு 'பந்து மோதல் எதிர்ப்புத் திறன்' என்று போட்டிருக்கிறேன். அட்டவணைத் தலைப்பில் அடங்கவில்லை. பெயர்ச்சொல்லாகவும் வேண்டும், விளக்குக்கும் கடிகாரத்துக்கும் முன்னால் அடையாகவும் வேண்டும். உதவுங்கள்.

கோத்தகிரி

அன்பரே, 'எதிர்ப்பு' வேண்டாம். பந்தோடு சுவருக்கு என்ன பகை? தாங்குவதுதான் சுவரின் தொழில். 'பந்தடி' நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் சொல். சிலப்பதிகாரக் கந்துகவரியில் பாடிக்கொண்டே பந்தடிக்கிறார்கள். மதுரையில் பந்தடி என்று தெருக்களே உண்டு. ஆகவே பந்தடி தாங்குமை. குற்றியலுகரம் கெட்டு உயிரேறிய இயல்பான புணர்ச்சி, நாவுக்கும் இதம்.

பந்து வடசொல் என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். 'வரிப்புனை பந்து' என்கிறது திருமுருகாற்றுப்படை. நூலால் வரிந்து புனைந்தது. கட்டுதல் பொருளுள்ள வடமொழிப் 'பந்த'த்தோடு இதை முடிச்சுப் போடுவார்கள். வடமொழிக்குக் கந்துகம் இருக்க, நமக்கு எதற்கு இரவல்? பந்தர், பந்தல், பந்து மூன்றும் வளைத்துக் கட்டுதல் என்ற ஒரே கருத்தில் பிறந்தவை என்பது என் துணிபு. பந்தல் வளைவாகவா இருக்கிறது என்று கேட்க வேண்டாம். பழைய பந்தல் வளைவானதே.

ஊட்டி (கட்டுமானம்)

ஐயா, 'அடி' கூடாது. "8 அடி உயரம் வரை பந்தடி தாங்குமை" என்று எழுதினால் ஆசாரி டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தக் கையேட்டில் பாதி அளவு அடியில்தான் இருக்கிறது.

'எதிர்ப்பு' வேண்டாம் என்பதில் உடன்பாடு, காரணம் வேறு. எதிர்ப்பு என்றால் சுவர் பந்தைத் திருப்பி எறிகிறது என்று படுகிறது. அது தனிச் சோதனை, அதுவும் தரைக்கு. இஎன் 14904 படி, காங்கிரீட்டில் கூடைப்பந்து எழும்பும் உயரத்தில் குறைந்தது 90 சதவீதமாவது ஆடுதரையில் எழும்ப வேண்டும். சுவர்ச் சோதனையில் பந்து எவ்வளவு திரும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மூன்று: பலகை உடைந்ததா, பொருத்து தளர்ந்து எதுவும் கீழே விழுந்ததா, பந்து எங்காவது சிக்கிக்கொண்டதா. சின்னப் பள்ளம், கறை எல்லாம் தோல்வி அல்ல. விழுவதுதான் ஆபத்து.

ஏன் இரண்டு பந்து என்பதையும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள். ஹேண்ட்பால் 425 முதல் 475 கிராம், 23.5 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் ஏறக்குறைய 124 ஜூல். ஹாக்கிப் பந்து 160 கிராம் அளவு; 18 மீட்டரில் 26 ஜூல்தான். ஆனால் ஹேண்ட்பால் நசுங்கிப் பரவி அடிக்கும், ஹாக்கிப் பந்து ஒரு புள்ளியில் குத்தும். முதலாவது சட்டத்தையும் ஸ்க்ரூவையும் ஆங்கர் போல்ட்டையும் சோதிக்கிறது. இரண்டாவது பலகையின் தோலை. 12 மில்லி ஜிப்சம் போர்டு முதலாவதில் பிழைத்து இரண்டாவதில் ஓட்டையாகலாம். நல்ல கனத்த பிளைவுட் இரண்டாவதில் அசையாமல், முதலாவதில் ஸ்க்ரூத் தலையோடு பிடுங்கிக்கொண்டு வரலாம்.

கொடைக்கானல் (இலக்கணம்)

'தாங்கு' எனக்கு உறுத்துகிறது. 'பந்துதாங்கு விளக்கு' என்றால் பந்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் விளக்கு என்றுதான் முதலில் தோன்றும். 'பந்துத் தாங்கி' என்றோ, மெக்கானிக் ஷாப் ஞாபகம் வந்துவிடும்: பால் பேரிங்.

நம் மொழியில் இந்த வகைக்குத் தயாரான வார்ப்பு ஒன்று இருக்கிறது: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நீர்புகா உடை, குண்டு துளைக்காக் கண்ணாடி. இவற்றில் முதற்சொல் எழுவாய். நீர் புகாது, குண்டு துளைக்காது. அதே வார்ப்பில் பந்து சிதைக்கா விளக்கு. 'பந்துடையா விளக்கு' என்று யாராவது முன்மொழிந்தால் மறுக்கிறேன். அங்கே உடையாதது பந்தாகிவிடும்.

கூடலூர் (உடற்கல்வி)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு விஷயம்.

ஒன்று: 'பந்து எதிர்ப்பு' என்பதை எங்கள் ஊரில் 'பந்த் எதிர்ப்பு' என்றுதான் படிப்பார்கள். எல்லையோர ஊர், அடிக்கடி கடையடைப்பு. பெரியவர்கள் சொந்தபந்துக்களை எதிர்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். அதனால் அந்தச் சொல் எந்த வகையிலும் வேண்டாம்.

இரண்டு: இதுதான் முக்கியம். அட்டவணையில் 'ஹேண்ட்பால்' என்பதற்கு வரைவில் 'கைப்பந்து' என்று போட்டிருக்கிறது. எங்கள் பள்ளிகளில் கைப்பந்து என்றால் வாலிபால். நாளிதழிலும் அப்படித்தான். இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு ஒருவர் வாலிபாலைச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு 'தாங்குகிறது' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஊட்டி

கூடலூர்க்காரர் சொன்னது இந்த இழையிலேயே பெரிய விஷயம். வாலிபால் 260 முதல் 280 கிராம்தான். அதே 23.5 மீட்டர் வேகம் என்றே வைத்துக்கொண்டாலும் 75 ஜூல். 124 வேண்டிய இடத்தில் 75. பந்து பெரிதாகவும் மென்மையாகவும் இருப்பதால் அடி இன்னும் பரந்து போகும். சுவர் பொய்யாகத் தேர்ச்சி பெறும்.

கூடவே ஒன்று. பள்ளியில் பந்தை எறிந்து பார்ப்பது எந்தப் பந்தானாலும் சோதனை ஆகாது. 23.5 மீட்டர் என்பது மணிக்கு 85 கிலோமீட்டர். ஒரே இடத்தை ஒரே வேகத்தில் திரும்பத் திரும்ப அடிக்கக் கையால் முடியாது. கையேடு சோதனையை விளக்குவது, சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டுமே. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கோத்தகிரி

ஹேண்ட்பாலுக்கு 'எறிபந்து' என்று ஆளலாமே. ஜெர்மானியரே அந்தத் தரத்தில் 'பந்தெறி' என்ற பொருள்படத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்: பால்வுர்ஃப்ஸிஷர்ஹைட். பந்து, எறி, பாதுகாப்பு. அப்படியே 'பந்தெறிகாப்பு' என்றால் சோதனைக்கும் பெயர் கிடைத்தது, பந்துக்கும் கிடைத்தது.

கூடலூர்

ஐயா, எறிபந்து என்றால் பள்ளி விளையாட்டில் த்ரோபால். மாவட்டப் போட்டி அட்டவணையிலேயே அப்படித்தான் இருக்கும். கைப்பந்தை விட்டு எறிபந்துக்குப் போனால் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி அடுத்த பள்ளத்தில் விழுந்த கதை.

கோத்தகிரி

அப்படியானால் 'இலக்குக் கைப்பந்து'. அல்லது 'வாயிற் கைப்பந்து'. ஹாக்கிக்கு வளைகோல்பந்து என்று நல்ல சொல் இருக்கும்போது ஹேண்ட்பாலுக்கு மட்டும் ஏன் கைவிரிக்கிறோம்? பந்து விளையாட்டுக்கு இந்த மலை புதிதா? ஸ்னூக்கரின் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன. அதற்கும் இன்றுவரை நாம் ஒரு தமிழ்ச்சொல் வைக்கவில்லை. 'வண்ணக்கோற்பந்து' என்று நான் முன்பே

மட்டுறுத்துநர்

ஐயா, ஸ்னூக்கருக்குத் தனி இழை தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

கொடைக்கானல்

ஹேண்ட்பால், ஹாக்கிப் பந்து என்றே இருக்கட்டும். தொல்காப்பியர் வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்கச் சொன்ன வழி ஆங்கிலத்துக்கும் பொருந்தும். இங்கே பிழை நேர்ந்தால் போவது எழுத்து அல்ல, தலைக்கு மேலே இருக்கும் பலகை. பெயருக்குப் பக்கத்தில் எடையையும் சுற்றளவையும் போட்டுவிட்டால் எந்தப் பெயரும் ஏமாற்றாது: ஹேண்ட்பால், 425–475 கிராம், சுற்றளவு 58–60 செ.மீ.

என் 'பந்து சிதைக்கா' என்னாயிற்று? யாரும் மறுக்கவில்லையே.

ஊட்டி

மறுக்கிறேன் அம்மா. இலக்கணம் சரி, பொருள் ஆபத்து. 'நீர்புகா' என்று வாட்சில் போட்டு விற்பதே பாதிப் பொய். எத்தனை மீட்டர் ஆழம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. எதிர்மறைப் பெயரெச்சம் 'ஒருபோதும் இல்லை' என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. தரம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இந்த வேகம், இந்தப் பந்து, இத்தனை முறை, அவ்வளவுதான்.

தொங்குகூரையைப் பாருங்கள். இஎன் 13964இல் மூன்று வகுப்பு: 1ஏ என்றால் நொடிக்கு 16.5 மீட்டர், 2ஏ என்றால் 8, 3ஏ என்றால் 4. வேகத்தில் 1ஏவுக்கும் 3ஏவுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் என்று தோன்றும். ஆற்றலில் 17 மடங்கு. 61 ஜூல் எங்கே, 3.6 ஜூல் எங்கே. 3ஏ கூரையும் 'பந்து சிதைக்காக் கூரை'தான் என்று கான்ட்ராக்டர் சத்தியம் பண்ணலாம், பொய்யும் இல்லை. அதை ஹேண்ட்பால் ஆடும் அரங்கில் மாட்டினால் முதல் வாரமே ஓடு பெயரும். ஆகவே கூடுதல் குறைவு ஏற்கும் பெயர்ச்சொல் வேண்டும். '…உறுதி, வகுப்பு 1ஏ' என்பதுபோல. வகுப்பு எழுதாமல் அந்தச் சொல் தனியாக நிற்கவே கூடாது.

விளக்குக்கும் இதே கதை. ஐகே10 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அது பந்துக்கும் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். ஐகே10 என்பது 20 ஜூல்: 5 கிலோ சுத்தியல் 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் அடி. அது விளக்குக் கூட்டின் கண்ணாடி உடைகிறதா என்று பார்க்கும் சோதனை. பந்து விளக்கைப் பக்கவாட்டில் அடித்து, கிளிப்பை நெகிழ்த்தி, மூடியைக் கழற்றிவிடுமா என்பதைச் சுத்தியல் சொல்லாது. இரண்டும் வேறு வேறு சான்றிதழ். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் போட்டுவிடாதீர்கள்.

கொடைக்கானல்

ஏற்கிறேன், அரைமனதோடு. அப்படியானால் முதற்பாதி 'பந்துமோதல்' ஆகட்டும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் மீட்சி மோதல் படித்தவர்களுக்கு மோதல் பழகிய சொல். 'தாக்கம்' வேண்டாம், பொருளாதாரத் தாக்கம், சமூகத் தாக்கம் என்று அது தேய்ந்துபோய்விட்டது. 'தாக்குதல்' போலீஸ் செய்தி. மொத்தம் பந்துமோதல் உறுதி.

கூடலூர்

மொத்துதல் கூட நல்ல சொல்தான் அக்கா. 'நல்லா மொத்து வாங்கினான்' என்போமே. பந்துமொத்து! சும்மா சொன்னேன். பந்துமோதல் உறுதிக்கு என் ஓட்டு.

ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பிளைவுட் ஊதிவிடும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். அப்போதும் அந்த வகுப்பு செல்லுமா?

ஊட்டி

செல்லும் என்று எண்ணிக்கொள்வதுதான் எல்லாரும் செய்வது. சோதனைக்கூடத்தில் அடிவாங்கியது உலர்ந்த புதுப் பலகை. மலையில் மூன்று மாதம் ஈரம் குடித்த பலகையில் ஸ்க்ரூவின் பிடி குறையும். கையேட்டில் இவற்றைச் சேர்க்கலாம்:

மழைக்குப் பிறகு ஒருமுறை சுவர்ப் பலகையைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். கடகட ஓசை வந்தால் பின்சட்டத்தில் ஸ்க்ரூ விட்டிருக்கிறது. வெறும் இரும்பு ஸ்க்ரூ கண்ணில் பட்டால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். அதே நீளம், அதே இடைவெளி; தளர்ந்த ஓட்டையிலேயே திருகாமல் ஒரு விரல் தள்ளிப் புதிதாகத் துளையிடுங்கள்.

தொங்குகூரையில் தவறுவது பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும் அடியில். சாதாரண ஃபால்ஸ் சீலிங் கம்பியில் தொங்குகிறது. கம்பி கீழ்நோக்கிய எடையைத் தாங்கும். மேல்நோக்கி இடித்தால் வளைந்து கொடுக்கும். சேனல் துள்ளும், ஓடு மேலே எழும்பிக் கோணலாக விழும். அதனால்தான் விறைப்பான தொங்குதண்டும், எல்லா ஓடுகளையும் மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்பும் சோதனை மாதிரியில் இருக்கும். ஒயர் இழுக்கவோ ஒழுகல் பார்க்கவோ நாலு ஓடுகளைக் கழற்றியவர் கிளிப்பைத் திரும்பப் போடாமல் மூடினால், அந்த இடத்தில் 1ஏ என்பது வெறும் காகிதம். கழற்றிய கிளிப்பை எண்ணி வையுங்கள், மூடும்போது எண்ணிப் பாருங்கள்.

விளக்கின் கிராதி இடைவெளி அரங்கில் ஆடும் மிகச் சிறிய பந்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். டென்னிஸ் பந்து 6.5 செ.மீ. சுமாருக்கு இருக்கும். அது மாட்டிக்கொண்டால் எடுக்க ஒருவர் கொம்பால் குத்துவார்; உடைவது அப்போதுதான்.

எல்இடிக்கு மாற்றும்போது பழைய கூட்டுக்குள் புது ட்யூப் போட்டால் பழைய சான்றிதழ் தொடராது. சோதித்தது முழு விளக்கை, அதன் கிளிப்போடும் ஆங்கரோடும் சேர்த்து.

இன்னொன்று மலைக்கே உரியது. மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த பந்தை ஊட்டிக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் ஒரு பங்கைக் குறைக்கும். மிச்சமே பந்தைக் கல்லாக்கப் போதும். மேலே வந்தபின் கேஜ் வைத்துப் பார்த்துக் காற்றை விடுங்கள். சுவருக்கும் நல்லது, பிள்ளைகளின் விரலுக்கும் நல்லது.

குன்னூர்

எல்லாருக்கும் நன்றி. நாளைக் காலை அனுப்பியாக வேண்டும். இப்படிப் போடுகிறேன்:

பண்புக்கு: பந்துமோதல் உறுதி (வகுப்போ, பந்தும் வேகமுமோ இல்லாமல் தனியாக வராது).
சோதனைக்கு: பந்துமோதல் சோதனை.
விளக்கு, கடிகாரத்துக்கு முன் அடையாக: 'பந்துமோதல் சோதனை தேறிய'. நீளம்தான். ஆனால் 'தேறிய' என்றால் எதில் தேறியது என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வேண்டும்.
ஐகே எண்ணுக்கு: 'சுத்தியலடி எண்' என்று விளக்கமாக மட்டும். கலைச்சொல் ஆக்கவில்லை.
பந்துகள்: ஹேண்ட்பால், ஹாக்கிப் பந்து, எடையும் சுற்றளவும் சேர்த்து.

கொடைக்கானல்

'தேறிய' நன்று. ஆயினும் சொல்லடைவில் 'பந்து சிதைக்கா' என்பதையும் 'காண்க' என்று போடுங்கள். பத்து ஆண்டில் மக்கள் எதைச் சொல்கிறார்கள் பார்க்கலாம்.

ஊட்டி

'காண்க' போட்டாலும் விற்பனைத் துண்டறிக்கையில் அதைத்தான் எடுப்பார்கள் அம்மா. வேண்டாம்.

கோத்தகிரி

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்பாடு இல்லை. 'உறுதி' என்பது மனத்துக்கும் சொல்லுக்கும் உரியது, பலகைக்கு உரியது தாங்குமை. 'ஹேண்ட்பால்' தமிழ்க் கையேட்டில் அச்சாவது எனக்கு ஒப்பில்லை; 'இலக்குக் கைப்பந்து' என்ற என் பரிந்துரையைப் பதிவு செய்க. பந்தல் பழங்காலத்தில் வளைவானதே என்பதற்கு மேலும் மூன்று சான்று கிடைத்திருக்கின்றன. தனி இழையில் எழுதுகிறேன்.

கூடலூர்

கையேடு வந்ததும் கூடலூருக்கு இருபது படி தேவைப்படும். கிளிப் எண்ணும் பக்கத்தைத் தனித் தாளாக அடித்துத் தர முடியுமா? ஸ்டோர் ரூம் கதவில் ஒட்ட வேண்டும்.